இரத்தினசிங்கத்தின் விண்ணப்பம்

நத்தார்ப் பண்டிகை முடியும்வரை மனைவிக்கு உண்மையைச் சொல்வதில்லை என்று, இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஒக்டோபரில் ஒரு வீர முடிவு எடுத்தேன். என் வீரமெல்லாம் வாய் திறக்காமல் இருப்பதில்தான்.

நாங்கள் ஊரை விட்டு வந்து குடியேறிய குளிர்தேசத்து நகரமான ஹேர்னிங்கில் நான் வேலை செய்த கதவுத் தொழிற்சாலை நாற்பது பேரை நிறுத்தியது. அதில் நானும் ஒருவன். வேலை போய்விட்டது. கவலை மட்டும் முழுநேரமாக வந்து சேர்ந்தது.

யசிந்தாவிடம் எப்படிச் சொல்வது? மே மாதம் ஊரில் சண்டை முடிந்ததிலிருந்து அவளுடைய தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முகாம்களில் இருந்த ஆட்களுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்தாள். பிறகு எடுப்பதையும் விட்டுவிட்டாள். அந்த மனுசியிடம் போய் இதையும் சொல்ல எனக்கு நா எழவில்லை. தினமும் காலையில் வேலைக்குப் போகிறவன் போலப் புறப்பட்டு நூலகத்தில் போய் இருந்தேன். எட்டு மணி நேரம். தொழிற்சாலைக்குக்கூட நான் இவ்வளவு நேரந்தவறாமல் போனதில்லை.

நவம்பரில் யசிந்தா தேவாலய வாசலில் ஒரு கூடாரம் போட்டாள். நத்தாருக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு உதவும் கடை. எழுதிக் கேட்டால் விருந்துக்கு உறையவைத்த வாத்து, சிவப்பு முட்டைக்கோவா, பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்பு எல்லாம் வீட்டுக்கே வரும். சனிக்கிழமைகளில் கடையில் நிற்பதும், பொதிகளைக் காரில் கொண்டுபோய்க் கொடுப்பதும் நான். என்னைக் கேட்டு அவள் போட்ட வேலையல்ல. குளிரில் மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் யாரோ ஒரு சோடிச் சப்பாத்துக் கொண்டுவந்து தந்தார்கள். உள்ளே கம்பளி வைத்தது. எங்கள் மகள் டிலக்ஷியின் அளவு. அவளுடைய பழைய சப்பாத்துக்குள் ஒரு மாதமாகத் தண்ணீர் போகிறது. அடுத்த கிழமை வாங்கித் தாறன் என்று நான்கு கிழமை சொல்லிவிட்டேன்.

கடையில் நிற்பவர்கள் எதையும் எடுக்கக்கூடாது என்பது யசிந்தா போட்ட சட்டம். ஆகவே நூலகக் கணினியில் ஒரு விண்ணப்பம் தட்டி, அச்செடுத்துத் தபாலில் போட்டேன். பெயர் மட்டும் பொய்: இரத்தினசிங்கம். அந்தச் சப்பாத்தை மகளின் காலில் கண்டால் யசிந்தா என்ன கேட்பாள் என்று நான் யோசிக்கவில்லை. கவலை முழுநேரம் என்றால் மூளை பகுதிநேரம்தான்.

அடுத்த சனிக்கிழமை, கூடாரத்துக்குள் வைத்து அவள் அந்த விண்ணப்பத்தைப் பிரித்தாள்.

"இஞ்சருங்கோ, ஆர் இந்த இரத்தினசிங்கம்?"

"ஆரோ பாவப்பட்ட மனுசனா இருக்கும்."

"வேலை போயிட்டுதாம். மனுசிக்குச் சொல்லேல்லையாம். மகளுக்குச் சப்பாத்து வேணுமாம்."

"கஷ்டம்தான்."

"கட்டின மனுசிக்குச் சொல்லாத ஆள் எங்களுக்கு ஏன் எழுதுறார்? அவ என்ன பேயா?"

"அப்பிடிச் சொல்லாதையும். அவ நல்ல மனுசி. ஏற்கெனவே உடைஞ்சு போயிருக்கிறா. தம்பி..."

நிறுத்திக்கொண்டேன். விண்ணப்பத்தில் தம்பியே இல்லை.

யசிந்தா கடதாசியை நாலாக மடித்தாள். "தம்பிக்கு என்ன?"

வாத்துகளைப் பார்த்தேன். அவை உதவவில்லை.

"எனக்கு வேலை இல்லை, யசிந்தா. ஒக்டோபரில இருந்து."

"தெரியும். என்ர சிநேகிதி மேரிசெலின்ட மனுசனையும் அண்டைக்குத்தானே நிப்பாட்டினவங்கள். பின்னேரமே அவ ரெலிபோன் எடுத்துச் சொல்லிட்டா."

இரண்டு மாதம் நான் கட்டிக்காத்த இரகசியம், இரண்டு மணி நேரம்கூட இரகசியமாக இருந்ததில்லை.

"பிறகேன் நீர் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்கள் என்னை நினைச்சு மறைச்சியள். நான் உங்களை நினைச்சுப் பேசாமல் இருந்தன்." மடித்த கடதாசியைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். "லைப்ரரிக் கண்ணாடியால எத்தினை நாள் பாத்தனான். புத்தகத்தில ஒரே பக்கத்தைத் திறந்து வைச்சுக்கொண்டு இருப்பியள். தம்பியைத் தேட எனக்கு வழியில்லை. கண்ணுக்கு முன்னால இருக்கிற மனுசனும் இல்லாமல் போயிடுவாரோ எண்டு பயந்து போனன்."

சப்பாத்தை எடுத்து என் கையில் வைத்தாள். மிச்சமிருந்த மானத்தைத் திரட்டிக்கொண்டு சொன்னேன்:

"சரி. அப்பிடியிருந்தும் நான் இந்தக் கடையில நிண்டு ஊருக்கு உதவினனான்தானே."

"உங்களை எழுப்பி நிப்பாட்டத்தான் கடையே போட்டனான்," என்றாள் யசிந்தா. "மற்றப் பதினாறு குடும்பமும் பிறகு வந்து சேர்ந்ததுகள்."