தும்மிய பிணம்

பிணம் மறுபடியும் தும்மியது.

"கட்! கட்!" என்று அலறினார் முத்துவேல். "மச்சான், நீங்க செத்துக் கிடக்கீங்க. செத்தவரு தும்மலாமா?"

பிணமாகப் படுத்திருந்த சங்கரலிங்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். "சுக்கு மண்டியில படுக்கப் போட்டா நெசப் பிணமே எந்திரிச்சுத் தும்மும், மாப்ள."

கொச்சி மட்டாஞ்சேரியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த முத்துவேலின் முதல் சினிமா அது. பயங்கரமான கொலைப்படம். கதை, கேமரா, இயக்கம் எல்லாம் அவரே. மண்டிக்காரர் மத்தியானம் வரைக்கும்தான் இடம் கொடுத்திருந்தார்.

"மூக்குல பஞ்சு வச்சிடுங்க. பிணத்துக்கு வழக்கம்தான?" என்றாள் கற்பகம். முத்துவேலின் மனைவி, பிணத்தின் தங்கை. படத்துக்கு ரத்தம் காய்ச்சியவளும் அவள்தான். பீட்ரூட்டும் வெல்லப்பாகும்.

பஞ்சு வைத்தார்கள். இன்ஸ்பெக்டராக நடித்த ஆட்டோக்காரர் அனில் குனிந்து பிணத்தை உற்றுப் பார்த்தார். அடுத்த தும்மலில் பஞ்சு இரண்டும் பறந்துபோய் அவர் மீசையில் ஒட்டிக்கொண்டன.

"எண்டம்மே!" என்று அவர் பின்னால் துள்ளியதில், அட்டையில் செய்த கொலைக்கத்தி அவர் பூட்ஸுக்கு அடியில் நசுங்கியது.

"பிணத்தைத் தெருவுக்குத் தூக்குங்க! காத்தாடப் படுத்தா தும்மல் வராது" என்றார் முத்துவேல்.

தும்மல் வரவில்லை. ஆடு வந்தது. கடைத்தெருவில் சுற்றும் ஆடுகளில் ஒன்று, வெல்லவாசம் பிடித்து, பிணத்தின் நெஞ்சை நக்க ஆரம்பித்தது. சங்கரலிங்கம் பல்லைக் கடித்துப் பார்த்தார். நெளிந்தார். கடைசியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"அனில், ஆட்டைத் துரத்துங்க!"

இன்ஸ்பெக்டர் லத்தியோடு ஆட்டைத் துரத்தினார். கொஞ்ச தூரம் போன ஆடு நின்றது, திரும்பியது, இன்ஸ்பெக்டரைத் துரத்தியது. அவர் பாய்ந்து தன் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மீன்கூடையோடு ஓர் அம்மாள் பின்சீட்டில் ஏறினார். "தோப்பும்படி போகுமோ?"

வருஷக்கணக்கான பழக்கம். கை தானாக வண்டியைக் கிளப்பிவிட்டது. கொலை விசாரணையைப் பாதியில் விட்டுவிட்டு, காக்கிச்சட்டையும் தொப்பியுமாக இன்ஸ்பெக்டர் தோப்பும்படிக்குச் சவாரி போனார்.

"கேமராவை நிறுத்துங்க!" என்றாள் கற்பகம்.

"மாட்டேன்! இன்னொரு நாள் மண்டி யாரு குடுப்பா? எடுத்தது அத்தனையும் படத்துல வரும்."

வந்தது. அனிலின் தமிழில் பாதி மலையாளமாக இருந்ததால் இன்ஸ்பெக்டருக்கு முத்துவேலே குரல் கொடுத்தார். அதில் ஒரு காட்சியில் இன்ஸ்பெக்டர் சாயா குடித்துக்கொண்டிருக்க, "கொலைகாரன் தப்ப முடியாது!" என்ற கர்ஜனை தம்ளருக்குள்ளிருந்து வந்தது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் கிளப் ஹாலில் படம் போட்டார்கள். முத்துவேல் பட்டு ஜிப்பா போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். தும்மலுக்கு ஹால் சிரித்தது. ஆடு வந்தபோது பெஞ்சுகள் ஆடின. ஆட்டோ கிளம்பியபோது ஒருவர் தரையிலேயே உருண்டுவிட்டார்.

ஜனங்கள் பயந்து நடுங்குவார்கள் என்று நம்பியிருந்த முத்துவேலின் முகம் சுண்டிப்போயிற்று. மெல்ல எழுந்தார். கற்பகம் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? திரும்பிப் பாருங்க. ஒருத்தராவது எந்திரிச்சுப் போனாங்களா? வாசல்ல கூட நின்னு பாக்குது சனம். எம் புருஷன் எடுத்த படம் இது. நிமிந்து உக்காருங்க!"

திரும்பிப் பார்த்தார். உண்மைதான். யாரும் போகவில்லை. முத்துவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் ஓரத்து நாற்காலியில் அந்தப் பெரிய மீசைக்காரரைக் கவனித்தார். அத்தனை பேர் சிரித்தும் அந்த மனுஷர் உதட்டைக்கூட அசைக்கவில்லை. கர்சீப்பால் வேர்வையைத் துடைத்தபடி திரையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ரசிகர் போதும், கற்பகம்" என்றார் முத்துவேல்.

படம் முடிந்ததும் ஒரே விசில். "சேட்டா, ஒருக்கா கூடிப் போடு!" என்று அனிலின் ஆட்டோ ஸ்டாண்ட் ஆட்கள் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கத்தினார்கள். சங்கரலிங்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றினார்கள். பிணத்துக்கு இத்தனை மரியாதை எந்த ஊரில் கிடைக்கும்! முத்துவேலுக்கு ஜிப்பா இறுகுகிற அளவுக்கு நெஞ்சு விரிந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மீசைக்காரர் வந்தார். முத்துவேலின் தோளில் கைபோட்டு ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஞான் இங்கத்த எஸ்.ஐ."

"சார், வாங்க சார்! படம் எப்படி?"

மீசைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன வருஷம் ஒரு மண்டிக் கொலைக் கேஸை நாங்க விசாரிச்சதை ஒண்ணு விடாம அப்படியே எடுத்து வச்சிருக்கீங்க. மரியாதையாச் சொல்லணும், எங்க ஸ்டேஷன்லேர்ந்து உங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது ஆரு?"