சங்கரலிங்கம் மாஸ்டரை நான் கொன்ற கதை

முப்பத்தொரு வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தியவன் நான். பொய் சொன்ன பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறேன். அறுபத்தாறு வயதில் நானே சொன்ன ஒரு பொய்க்கு என்னை எதன் மேல் ஏற்றி நிறுத்துவது என்று இன்றுவரை தெரியவில்லை. (தண்ணீர்த் தொட்டி மேல் என்கிறாள் என் மனைவி பாக்கியம்.)

எல்லாம் செல்போனில் ஆரம்பித்தது. பத்துப் பேர் வரிசையாக மோட்டார் சைக்கிளில் பனிமலைக்குப் போகும் வீடியோ. முன்னால் போகிறவன் கையைத் தூக்கினால் பின்னால் வரும் அத்தனை பேரும் நிற்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் கை தூக்கி நின்றது டவுன் பஸ் மட்டும்தான். அதுவும் பாதி நாள் நிற்காது. எனக்கு ஆசை வந்துவிட்டது.

இரண்டு பேரைப் பிடித்தேன். என்னோடு வேலை பார்த்த இயற்பியல் ஆசிரியர் தங்கையா. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த வேலுச்சாமி. அவன் என் சின்ன வயதுச் சேக்காளி. மூன்று வாரம் திட்டம் போட்டேன். அருப்புக்கோட்டையிலிருந்து கண்மாய்க்கரை மண்பாதைகள் வழியாகத் திருச்சுழி, பிறகு கமுதி, சாயல்குடி, கடைசியில் கடல். வரைபடம் என் கையாலேயே வரைந்தேன். முன்னால் நான், நடுவில் தங்கையா, வாலில் வேலுச்சாமி. ஒரு வண்டிக்கு ஒருவர்தான். மூவருக்கும் முழங்கால் கவசம்கூட வாங்கியாயிற்று.

வீட்டில் என்ன சொல்வது என்பதற்கு மட்டும் திட்டம் இல்லை. மாடிப்படி ஏறும்போதே முனகுகிற மூன்று பேரை எந்த வீட்டம்மா விடுவாள்?

"துட்டின்னு சொல்லிருலே. துட்டிக்குப் போறவனை எவளும் மறிக்க மாட்டா" என்றான் வேலுச்சாமி.

உண்மைதான். எங்கள் பக்கம் சாவு விசாரிக்கப் போகிறவனை எமனும் தடுக்க மாட்டான். ஆனால் யார் செத்தது? உள்ளூரில் யாரைக் கொன்றாலும் மத்தியானத்துக்குள் தெரிந்துவிடும். எங்களோடு வேலை பார்த்த டிரில் மாஸ்டர் சங்கரலிங்கம் ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்று, நரிக்குடிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய் எட்டு வருடம் ஆயிற்று. தொடர்பே இல்லை. பொருத்தமான ஆள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறாகளாம்" என்றேன் பாக்கியத்திடம். நேரம் சொன்னால்தான் பொய்க்கு ஒரு கௌரவம் என்று நினைத்தேன். அவள் அப்படியே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

காலையில் மூவரும் வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டியதும் கருவேல மரங்களுக்குப் பின்னால் நின்று பேண்டுக்கும் முழங்கால் கவசத்துக்கும் மாறினோம். திருச்சுழி வரை நான்தான் ராஜா. நான் கையைத் தூக்கும்போதெல்லாம் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். எதிரே வந்தவர்கள் வணக்கம் வைத்தார்கள்.

திருச்சுழியில் டீ குடிக்கும்போது போன் அடித்தது.

"என்னங்க, எங்க இருக்கீக? நாங்க வேனுல வந்துக்கிட்டு இருக்கோம். தங்கையா சார் வீட்டம்மா, வேலுச்சாமி அண்ணன் சம்சாரம், நான். மாலை வாங்கியாச்சு."

"நீங்க எதுக்கு? வெயிலு..."

"நல்லாக் கேட்டீக! நம்ம மலரு பள்ளிக்கூடத்துல காலு ஒடிஞ்சு கிடந்தப்ப தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனது யாரு? நீங்களா? அந்த மனுசன் முகத்தைக் கடைசியா ஒருவாட்டி பாக்க வேணாமா?"

என் மகள் கால் ஒடிந்ததும், அவர் தூக்கிக்கொண்டு ஓடியதும் எனக்கு மறந்தே போயிருந்தது. "பாக்கியம், அவர் சாகவில்லை." மூன்றே வார்த்தை. என் வாயிலிருந்து வந்ததோ, "பாத்து வாங்க."

அவருக்கும் என் வயதாவது இருக்கும். வாசலில் மூன்று பெண்கள் மாலையோடு இறங்கி மாரடித்து அழுதால் நல்ல நெஞ்சே நின்றுவிடும். என் நாக்கால் சொன்னது அங்கே நிஜமாகவே நடந்துவிட்டால்? அவருடைய போன் நம்பர் மூவரிடமும் இல்லை. வேனுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

என் வரைபடத்தில் கண்மாய்க்கரை வழியாக ஒரு குறுக்குப் பாதை இருந்தது. நேரில் அங்கே கருவேலங்காடு இருந்தது. அரை மைலுக்குள் தங்கையா வண்டியில் முள் ஏறியது. பஞ்சர் சாமான் பை வீட்டில் கிடந்தது. ("துட்டிக்கு எதுக்கு இது?" என்று பாக்கியம் எடுத்து வைத்துவிட்டாள்.)

"ஏறுங்க சார் என் வண்டியில!"

"ஒரு வண்டிக்கு ஒருத்தர்தானே சார்..."

"ஏறுங்கய்யா!"

தங்கையா என் தோளைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் ஜெபம் பண்ணினார். "ஆண்டவரே, அந்த மனுசனை இன்னைக்கு மட்டும் வெளியூருக்கு அனுப்பிரும்." பின்னால் வேலுச்சாமி புழுதியில் இரண்டு முறை சரிந்து இரண்டு முறை எழுந்தான். "ஏலே, வேன் முந்திருச்சுன்னா நான் இப்படியே ராமேஸ்வரம் போயிருவேன், சொல்லிட்டேன்" என்று கத்தினான்.

வேன் முந்தியிருந்தது.

தெருவில் அழுகைச் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்துச் சங்கரலிங்கம் மாஸ்டர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்திருக்கிறார். "யாரு தாயி தவறுனது?" என்று பாக்கியத்திடமே கேட்டிருக்கிறார். அவள் அவர் முகத்தைப் பார்த்து அலறி, மாலையை எறிந்துவிட்டு, வேனுக்குள் ஓடியிருக்கிறாள்.

நாங்கள் போனபோது பாக்கியம் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடந்தாள். செத்தவர் அவளுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். தலை முதல் கால் வரை செம்மண்ணும் முழங்காலில் கவசமுமாக நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். பெண்கள் மூவரும் எங்களைப் பார்த்தார்கள்.

"நான்தான் சொன்னேன் மாஸ்டர். ஊர் சுத்தப் பொய் சொன்னேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் முதலில் நன்றாகச் சிரித்தார். பிறகு சொன்னார்: "எட்டு வருசத்துல ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. செத்துட்டேன்னதும் ஒரு வேனு நிறைய ஆளு. முன்னாடியே செத்திருக்கலாம் போலயே சார்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் விடவில்லை. சோறு போட்டார், மலரின் கால் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். வெட்கத்தில் தலை குனிந்தபடி ஒன்றும் பேசாமல் வண்டிப் பக்கம் நடந்தேன். சாவு வீட்டிலிருந்து அப்படித்தான், சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது வழக்கம். பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போங்க. இது துட்டி வீடு இல்லை."

கடலை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குத் தங்கையா 'துட்டி குரூப்பு' என்று பெயர் மாற்றிவிட்டார். மாஸ்டரையும் சேர்த்திருக்கிறோம், தினமும் காலையில் முதல் வணக்கம் அவரிடமிருந்துதான் வருகிறது. அது வர ஏழு மணி தாண்டினால் எனக்குக் காப்பி இறங்குவதில்லை. நான் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தால் போதும், பால் வாங்கப் போனாலும் சரி, அடுப்படியிலிருந்து பாக்கியம் கேட்கிறாள்:

"இன்னைக்கு யாரைக் கொல்லப் போறீக?"