சேர்வர் அண்ணையிடம் பிள்ளையைக் கொடுத்த கதை

ஒரு கைக்குழந்தையை, காசு வைத்துச் சூதாடுகிற மனிதரிடம் கொடுக்கலாமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியாது. கொடுத்தேன் என்பது மட்டும் தெரியும்.

கண்ணால் காணாத கணினியோடு பாரிஸின் லா சப்பலிலேயே அதிகம் சண்டை பிடித்த தமிழர் சேர்வர் அண்ணைதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் உண்டு. அது என் சுபாவம். அவருடைய சொந்தப் பெயர் தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. ஆனால் எங்கள் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறிக் கடை முதல் முடிவெட்டும் கடை வரை ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கிளிநொச்சிக்காரர். பெரிய உணவகம் ஒன்றில் சமையலறை வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு குர்திஷ் சமையல்காரர் பலகையும் காயும் வைத்து அவருக்கு பாக்கமன் பழக்கியிருக்கிறார். இரண்டு தாயக்கட்டைகளை உருட்டி, பதினைந்து காய்களையும் சுற்றிக் கொண்டுவந்து, எதிராளிக்கு முன் வெளியே எடுக்க வேண்டும். இரண்டு கட்டையிலும் ஒரே எண் விழுந்தால் இரண்டுக்குப் பதில் நான்கு நகர்த்தல். "எங்கடை தாயம்தான் தங்கச்சி, கோட்டு சூட்டு போட்டிருக்கு" என்று எனக்கு விளக்கினார். அந்தக் குர்திஷ்காரர் வேலை மாறிப் போனதும் அண்ணை போனில் விளையாடத் தொடங்கினார். காசு வைத்துத்தான். சமையலறைக்குப் பங்காக வரும் புர்புவார் என்கிற டிப்ஸ் சில்லறையை மட்டுமே வைப்பாராம். அது தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்ததாம். இதைச் சொன்ன அன்று நம்பினேன். இரண்டு நாள் கழித்து நம்பவில்லை. பிறகு மறுபடியும் நம்பினேன்.

சேர்வர் என்பது எங்கோ ஒரு நாட்டில் இருந்துகொண்டு ஆட்டத்தை நடத்தி, இரண்டு பேருக்கும் கட்டை உருட்டிவிடும் கணினி. அண்ணை வென்றால் அது அவருடைய திறமை. தோற்றால் சேர்வர் சரியில்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிப்பதுபோல அவர் சேர்வர்களை விசாரிப்பார். ஒரு சேர்வர் நித்திரைக்காரன். கட்டையை உருட்டச் சொன்னால் கொட்டாவி விட்டுவிட்டு உருட்டும். இன்னொன்று கள்ளன், எதிராளிக்குத் தேவையான எண்ணைப் பொத்தி வைத்துக் கொடுக்கும். மூன்றாவது பெரிய இடத்துப் பிள்ளை மாதிரி. பார்க்க வடிவு, ஆனால் நெருக்கடியான நேரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போய்விடும். கடை வாசலில் இதையெல்லாம் அவர் சொல்லக் கேட்ட ஒரு பெரியவர், இவருக்கு மூன்று மருமக்களா என்று என் கணவரிடம் விசாரித்தாராம்.

எங்கள் கட்டடத்தின் உச்சியில், கூரையோடு ஒட்டிய ஒற்றை அறையில் அவர் இருந்தார். அங்கே இணையம் இழுக்காது. அதனால் படிக்கட்டில் இறங்கி இறங்கி, எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள் கதவைத் திறக்கிறேன், படியில் ஒரு மனிதர் போனை ஆரத்தித் தட்டுப்போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். என் தோளில் மகள் வீரிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"தங்கச்சி, உங்கடை வைஃபை இஞ்சை வரைக்கும் வருது. ஆனா உள்ளை விடுதில்லை" என்றார், நான் விருந்தாளியை வாசலில் நிறுத்தி வைத்ததுபோல.

அந்த வாரம் எனக்குத் தலைக்கு மேல் கவலை. பிரசவ விடுப்பு முடிகிறது. கிரெஷில், அதாவது நகரசபையின் குழந்தைகள் காப்பகத்தில், இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள், காத்திருக்க வேண்டுமாம். நான் கணக்கு அலுவலகமொன்றில் வேலை செய்கிறேன். திரும்பிப் போகாவிட்டால் அந்த இடம் இன்னொருவருக்குப் போய்விடும். என் கணவருக்கு வில்லியே லே பெல் பக்கம் கிட்டங்கி ஒன்றில் பின்னேர வேலை. மூன்று மணிக்கு அவர் கார் து நோர் நிலையத்துக்கு ஓடினால்தான் ரயில். நான் வீடு திரும்ப ஆறாகும். அந்த இடைவெளிக்குப் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை.

உணவக வேலைக்காரருக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து, இரவுச் சாப்பாடு தொடங்கும் வரை ஓய்வு உண்டு. கூப்யூர் என்பார்கள். மூன்றிலிருந்து ஆறு வரை. இந்தக் கணக்கைப் போட்டது நானல்ல, என் கணவர். அவர் எதையும் ஒரு தடவைதான் யோசிப்பார். எனக்குத் தெரியாமல் படிக்கட்டில் வைத்தே பேசி முடித்துவிட்டு வந்தார். சம்பளம் கொடுக்கிறோம் என்றதற்கு அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டதாம். தேத்தண்ணியும் வைஃபையும் போதும் என்றாராம்.

நான் நிபந்தனைகள் போட்டேன். மூன்று வயது வரை பிள்ளைக்குத் திரை காட்டக்கூடாது என்று தாய்சேய் நிலையத் தாதி சொல்லியிருந்தார். ஆகவே போன் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். பிள்ளையின் காதில் கெட்ட வார்த்தை விழக்கூடாது. எல்லாவற்றுக்கும் ஓம் என்று தலையாட்டினார்.

கெட்ட வார்த்தை விஷயத்தில் அவர் கண்டுபிடித்த வழி மரியாதை. முன்பெல்லாம் சேர்வரை அவன் இவன் என்று திட்டியவர், மகளைத் தூக்கிய நாள் முதல் நீங்கள், நாங்கள் என்று பேசத் தொடங்கினார். "சேர்வர் ஐயா, நீங்கள் இப்ப செய்தது உங்களுக்கே சரியாப் படுதோ? பெரிய மனுசர் செய்யிற வேலையோ இது?" மரியாதை கூடக் கூடக் கோபமும் கூடுகிறது என்று அர்த்தம். ஒரு நாள் "தயவுசெய்து மன்னிக்கவேணும்" என்று அவர் ஆரம்பித்ததைக் கேட்டுப் பக்கத்து வீட்டம்மாவே பயந்துபோய்க் கதவைத் தட்டினார்.

நான் படித்தவள் என்பதால் முறைப்பாடு எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உங்கள் சேர்வர் எதிராளிக்கு அடுத்தடுத்து இரட்டை ஆறு போடுவதன் உட்கருத்து என்ன என்று நல்ல பிரெஞ்சில், வணக்கத்துடனும் நன்றியுடனும் எழுதினேன். அனுப்புவதற்கு முன் மூன்று தரம் திருத்தினேன். உங்கள் கருவியை ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி இயக்கவும் என்று பதில் வந்தது. அது இயந்திரம் அனுப்பும் பதில் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணை ஒப்பவில்லை. தன்மேல் அக்கறைப்பட்டு யாரோ ஒருவர் வேலை மினக்கெட்டு எழுதியிருக்கிறார் என்று மனமுருகி, போனை அணைத்து, விபூதி பூசி, மறுபடி இயக்கினார்.

ராகுகாலத்தில் அவர் காசு வைத்து ஆடமாட்டார். கடையில் கொடுத்த கலண்டரைப் பார்த்து நடப்பார். திடீரென்று ஒரு நாள் அவருக்குப் பெரிய சந்தேகம் வந்துவிட்டது. கட்டை உருளுவது பாரிஸில் அல்ல, சேர்வர் இருக்கும் நாட்டில். அப்படியென்றால் எந்த நாட்டு ராகுகாலம்? நேரே கோயிலுக்குப் போய் ஐயரைக் கேட்டார். ஐயர் சிரிக்கவில்லை. பஞ்சாங்கத்தை எடுத்து விரித்துவிட்டு, "சேர்வர் எந்த ஊர்?" என்று கேட்டாராம். அது ஒருவருக்கும் தெரியாது. கடைசியில், ஆடுகிறவர் இருக்கும் இடம்தான் கணக்கு என்று ஐயர் தீர்ப்பளித்தார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் எதிராளி வேறு நாட்டில் நல்ல நேரத்தில் இருந்துகொண்டு ஆடினால் என்ன செய்வது? அதனால் ஆட்டம் தொடங்குமுன், நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள், அங்கே இப்போது எத்தனை மணி என்று ஒவ்வோர் எதிராளிக்கும் செய்தி அனுப்பிக் கேட்கத் தொடங்கினார். பொலிஸ் என்று நினைத்தார்களோ என்னவோ, பலர் பதில் சொல்லாமலே ஓடிவிட்டார்கள். அந்த வெற்றிகளும் அண்ணையின் திறமைக் கணக்கில் சேர்ந்தன.

செவ்வாய்க்கிழமை ராகுகாலம் மூன்று மணிக்குத் தொடங்குகிறது. அதனால் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், நாலரை மணி வரையாவது, நான் அலுவலகத்தில் நிம்மதியாக வேலை செய்தேன். மற்ற நாட்களில் கழிவறைக்குப் போய் அவருக்குப் போன் எடுப்பேன். "பத்ரோன் நித்திரை" என்பார். பத்ரோன் என்றால் சமையலறைப் பேச்சில் முதலாளியம்மா. என் மகளை அவர் அப்படித்தான் கூப்பிட்டார்.

உண்மையில் பத்ரோன் நன்றாகத் தூங்கினாள். எங்கள் வீட்டிலும் இணையம் அப்படியொன்றும் ஒழுங்காக இல்லை. யன்னலடியில் கொஞ்சம் இருக்கும். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கொஞ்சம் இருக்கும். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சிக்னல் தேடி அண்ணை நடக்கிற நடையில் அவள் உறங்கிப் போவாள். இது தெரியாமல் நாங்கள் ஃபைபர் போட்டோம். வீடெங்கும் சிக்னல். அண்ணை கதிரையில் இருந்து ராசாபோல ஆடினார். மகள் அந்த வாரம் முழுக்கக் கத்தினாள். பல் முளைக்கிறதோ, காது வலியோ, என் பாலில் ஏதும் குறையோ என்று நான் வைத்தியரிடம் ஓடினேன். என் கணவர் ஒரு தடவை யோசித்தார். இணையப் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்குள், கம்பளிப் போர்வைகளுக்கு நடுவில் வைத்துக் கதவைச் சாத்தினார். அண்ணை எழும்பி நடந்தார். மகள் தூங்கினாள்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்குள் அந்தக் கேள்வி போகவில்லை. பிள்ளையா ஆட்டமா என்று வந்தால் இந்த மனிதர் எதைப் பார்ப்பார்? நல்லவர்தான். ஆனால் சூதில் இருப்பவருக்குக் காது கேட்காது என்று நாம் கேள்விப்பட்டு வளர்ந்தவர்கள். ஒரு வியாழக்கிழமை அவர் ஏதோ சுற்றுப்போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தார். மரக்கறிக் கடைக்காரர் வரை தெருவுக்கே அது தெரியும். எனக்கு அலுவலகத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பல்வலி என்று சொல்லிவிட்டு நேரத்தோடு வந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன்.

அண்ணை கதிரையில் அசையாமல் இருந்தார். மகள் அவர் நெஞ்சில் தூங்குகிறாள். இடது கை அவளைத் தாங்கியிருந்தது. வலது கையின் சுட்டுவிரலை அவள் தன் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். எதிரே மேசையில், சீனிப் பேணியில் சாய்த்தபடி போன். திரையில் அவருடைய முறை. மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு இன்னும் இரண்டே காய்கள், எதிராளிக்கு நான்கு.

"விரலை எடுங்கோ அண்ணை" என்றேன் மெதுவாக.

"எடுத்தா எழும்பிடுவா. இப்பத்தான் கண்ணை மூடினவ" என்று உதட்டை மட்டும் அசைத்தார். பிறகு கண்ணால் போனைக் காட்டினார். "நீங்கள் உருட்டுங்கோ."

வாழ்நாளில் ஒரு லொத்தர் சீட்டுக்கூட வாங்காதவள் நான். பையைத் தோளில் இருந்து இறக்காமலே போய் அழுத்தினேன். இரண்டும் ஒன்றும் விழுந்தன. ஒரு காயைத்தான் எடுக்க முடியும். எதை எடுப்பது? அண்ணை கண்ணால் ஏதோ சொன்னார். நிச்சயமோ என்று கேட்டேன். ஓம் என்றார். மறுபடி கேட்டேன்.

"தங்கச்சி, எதை எடுத்தாலும் ஒண்டுதான். எடுங்கோ."

எடுத்தேன். எதிராளி உருட்டினான். இரட்டை ஆறு. நான்கு காய்களும் ஒரேயடியாக வெளியே போய்விட்டன.

இனி சேர்வருக்கு வரப்போகிற மரியாதையை நினைத்து எனக்குப் பயம் பிடித்தது. நான் கொஞ்சம் மென்மையாக அழுத்தியிருக்க வேண்டுமோ என்ற கவலை வேறு. அண்ணை போனைத் திருப்பி வைக்கச் சொன்னார். வெளிச்சம் பத்ரோனின் கண்ணில் படுகிறதாம். ஆறு மணிக்கு அவர் வேலைக்குப் போகும்வரை அந்த விரல் அங்கேயேதான் இருந்தது.

இதெல்லாம் நடந்து ஏறத்தாழ ஒரு வருடம். அண்ணையின் அறைக்கும் ஃபைபர் வந்துவிட்டது. எங்கள் அலுமாரிச் சிக்னலைவிட அங்கே எவ்வளவோ மேல். ஆனாலும் மூன்று மணிக்குக் கதவைத் தட்டத் தவறியதில்லை. போன வாரம் கிரெஷில் இருந்து கூப்பிட்டார்கள். இடம் கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் மகள் காலையில் போனால் மாலைவரை அங்கேதான். எவ்வளவு காலம் காத்திருந்தோம்! நான் குதித்திருக்க வேண்டும். என் கணவர், நல்ல செய்திதானே, அண்ணையிடம் சொல்லிவிடு என்கிறார்.

நானும் ஒவ்வொரு நாளும் சொல்லத் தொடங்குகிறேன். "தங்கச்சி, பத்ரோனுக்குச் சப்பாத்து சின்னனாப் போச்சு, பாத்தனீங்களோ?" என்று அவர் முந்திக்கொள்கிறார். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுகிறேன்.

ஆகவே வாசகர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் உதவி இனித் தேவையில்லை என்று ஒருவரிடம் சொல்வதற்கு முறையான சொற்கள் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமானால் பிரெஞ்சிலும் எழுதித் தருவேன். தேவை ஒன்றும் இல்லை, ஆனாலும் நீங்கள் வரவேண்டும் என்பதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் மாதம் பிறக்குமுன் எழுதுங்கள்.