இடைவேளையோடு முடிகிற படம்

இந்த வருஷம் முழுக்க என் வீட்டில் யாரும் அழக்கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏகமனது என்றால் ஒரு மனது. அது என்னுடையது. மற்ற இரண்டு மனங்களையும் நான் கேட்கவில்லை.

அந்த இரண்டும் என் மனைவி ஜெயகௌரியும் மகள் சாருஜாவும். முன்பு வீட்டில் இன்னொரு ஆளும் இருந்தான். என் மகன் நிருஷன். போன மாரியில் டெங்குக் காய்ச்சல் வந்தது. ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. பதினாறு வயது.

இதையெல்லாம் ஒரு பகிடிக் கதையில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. அச்சுவேலியில் தண்ணீர் மோட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டரோடு எரிந்துகொண்டு வருகிற மனிதரைப் பகிடி விட்டுத்தான் சமாளிக்க வேண்டும். பழகிவிட்டது. மகனுடைய செத்தவீட்டிலும் பந்தல்காரனிடம், "உந்தக் கதிரையளுக்கு எத்தினை கால் எண்டு எண்ணித்தானே அனுப்பினவங்கள்?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

தீர்மானத்துக்குக் காரணம் சாருஜா. தமையன் போன முதல் மாதம் அவள் சோறு தின்னவில்லை. தேத்தண்ணியும் பிஸ்கற்றும்தான். பத்து வயதுப் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. தாய் அழுதால் அவளும் அழுவாள், அழுதால் சோறு இறங்காது என்று நான் கணக்குப் போட்டேன். ஒரு பிள்ளையைக் காய்ச்சல் கொண்டுபோனது. மற்றதைக் கவலை கொண்டுபோகக்கூடாது. எனக்கு அந்த ஒரு பயம்தான்.

ஆகவே வீட்டில் அழுகைக்கு ஊரடங்குச் சட்டம் போட்டேன். நிருஷனின் படத்தை அலுமாரிக்குள் வைத்தேன். கட்டிலைக் கழற்றினேன். யாராவது அவன் பெயரை எடுத்தால் உடனே மோட்டரைப் பற்றிக் கதைத்தேன். மோட்டரைப் பற்றி நான் விடாமல் ஒரு பகல் முழுக்கக் கதைப்பேன். கேட்கிற ஆளுக்கு அழ நேரம் இருக்காது, கொட்டாவி விடத்தான் நேரம் இருக்கும். மெல்ல மெல்லச் சாருஜா சோறு தின்னத் தொடங்கினாள். என் சட்டம் வேலை செய்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அதைக் குழப்ப ஒரு வெள்ளைக்காரப் படம் வந்தது.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரி எழுதிய பிள்ளைகள் கதை அது. டொம், நெல்லி என்று ஒரு தமையனும் தங்கையும். தங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் இறங்குகிறார்கள். அடியில் ஒரு நாடு இருக்கிறது. அங்கே கொக்கு மந்திரி, ஆமை இராணி, தண்ணீரில் எரிகிற விளக்கு. முதல் பாகம் தமிழில் வந்தபோது நாங்கள் நாலு பேரும் போய்ப் பார்த்தோம். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் குளிக்க முடியவில்லை. என்ரை பிள்ளைகள் இரண்டும் கிணற்றுக் கட்டில் ஏறி எட்டிப் பார்த்து, "கொக்கு மந்திரி, கயிறு விடட்டோ?" என்று கூப்பாடு போடும். இப்போது இரண்டாம் பாகம் வந்துவிட்டது.

"அப்பா, சனிக்கிழமை போவமே?"

"பிள்ளை, வருசம் திரும்பி ஆட்டத்திவசம் முடியாமல் படத்துக்குப் போனால் சனம் என்ன சொல்லும்?"

குசினிக்குள்ளிருந்து ஜெயகௌரியின் குரல் வந்தது.

"போன கிழமைதானே முடிஞ்சது. ஐயருக்கு வேட்டி எடுத்துக் குடுத்தது ஆர்?"

"ஓமென்ன."

"வருசம் திரும்பியிட்டுது. இனிப் போகலாம்."

"ரிக்கற் எல்லாம் முடிஞ்சிருக்கும். நல்ல சனமாம்."

"நான் போனிலை எடுத்திட்டன்."

"மழை வரும் போல கிடக்கு."

"தியேட்டருக்குக் கூரை இருக்கு."

என் மனைவியோடு வாதாடி வென்ற ஆள் இன்னும் பிறக்கவில்லை. பிறந்தாலும் அச்சுவேலியில் பிறக்க மாட்டான்.

நிருஷனுக்குப் பள்ளிக்கூடப் பரிசாகக் கிடைத்த அந்த இங்கிலீசுப் புத்தகம், இரண்டு பாகமும் ஒன்றாகக் கட்டியது, அவனுடைய மேசையில்தான் கிடந்தது. மோட்டர் கழற்றுகிற சாவிப் பைக்குள் ஒளித்துக் கடைக்குக் கொண்டுபோனேன். படத்தில் என்ன வரப்போகிறது என்று முதலே பார்த்து வைத்தால் நல்லது அல்லவா? என் இங்கிலீசு மோட்டர்ப் பெட்டியில் அச்சடித்திருக்கிற அளவுதான். வோல்ட், வாட்ஸ், மேட் இன் சைனா. ஆனாலும் ஒவ்வொரு சொல்லாகப் போனில் தட்டித் தட்டிக் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன்.

கடைசி அத்தியாயத்தில் கிணற்றின் ஊற்று மூடிக்கொண்டு வருகிறது. யாராவது ஒருவர் கீழே நின்று அதைத் திறந்து பிடிக்க வேண்டும். டொம் நிற்கிறான். தங்கையின் இடுப்பில் கயிற்றைக் கட்டுகிறான். "நான் இங்கே சுகமாக இருப்பேன் என்று அம்மாவிடம் சொல்லு" என்கிறான். அவளை மேலே இழுத்துவிடுகிறார்கள். அவன் திரும்பி வருவதே இல்லை.

புத்தகத்தை மூடினேன். கண் எரிந்தது. மோட்டர்ச் சுருளுக்குப் பூசுகிற வார்னிஷின் நெடி அப்படி. அன்றைக்கு வார்னிஷ் ரின்னை நான் திறக்கவே இல்லை என்பதை விடுங்கள்.

என் பிள்ளை இதைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் பழையபடி தேத்தண்ணியும் பிஸ்கற்றும்தான். கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு யோசித்தேன். யோசிக்க யோசிக்க என் மூளைமேல் எனக்கே மதிப்பு வந்தது. கடைசி அத்தியாயம் படத்தின் கடைசியில்தானே வரும்? அதற்கு முன்னால் எங்கள் தியேட்டரில் இடைவேளை என்று ஒன்று இருக்கிறது! வெள்ளைக்காரன் இடைவேளை வைத்துப் படம் எடுப்பதில்லை. எங்கடை ஆட்கள்தான் றோல்ஸும் சோடாவும் விற்க வேண்டுமே என்று நடுவில் நிறுத்தி லைற்றைப் போடுவார்கள். லைற் போட்டவுடன் நான் எழும்பி, "முடிஞ்சுது, வாங்கோ, மிச்சம் மூண்டாம் பாகத்திலை" என்று சொல்ல வேண்டியதுதான். இந்தக் காலத்தில் எந்தப் படம்தான் ஒரு பாகத்தோடு முடிகிறது? ஜெயகௌரி நம்புவாள்.

சாருஜாவை மட்டும் முதலே கைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கிணற்றடியில் வைத்துப் பிடித்தேன்.

"பிள்ளை, இது சின்னப் படம். லைற் போட்ட உடனை எழும்பி அப்பாவோடை வந்திட வேணும். வந்தால் நல்லூரிலை பெரிய ஐஸ்கிறீம்."

"லைற் போட்டால் இடைவேளை எல்லோ அப்பா?"

"இந்தப் படத்துக்கு இடைவேளையோடை சரி."

"அம்மாட்டைச் சொல்லலாமோ?"

"மூச்சு விடக்கூடாது."

தலையை ஆட்டினாள். ரகசியம் காக்கிறதில் என்னைப் போல என்று சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை யாழ்ப்பாணம் போனோம். தியேட்டருக்குள் வெளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கத்தான் எனக்கு விருப்பம். அங்கே இருந்தால் தப்பி ஓட வசதி.

"நான் கரையிலை இருக்கிறன்" என்றேன்.

"வேண்டாம். நீங்கள் நடுவிலை இருங்கோ."

"ஏனப்பா?"

"கரையிலை ஏசி அடிக்கும். உங்களுக்குத் தடிமன் வந்தால் ஆர் பாக்கிறது?"

இந்த அன்பில் ஏதோ பிழை இருக்கிறது என்று பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நடுவில் இருந்தேன். ஒரு பக்கம் மனைவி, மறு பக்கம் மகள்.

படம் தொடங்கியது. கொக்கு மந்திரி சுத்தமான சென்னைத் தமிழில் ஆமை இராணியோடு சண்டை பிடித்தார். சாருஜா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலம். ஆகா, இந்தச் சிரிப்போடேயே இவளை இடைவேளைக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்று கடவுளைக் கும்பிட்டேன்.

அப்போது படத்தில் கிணற்றின் ஊற்று மூடத் தொடங்கியது.

எனக்கு விளங்கவில்லை. இது கடைசி அத்தியாயம் அல்லவா? இன்னும் இடைவேளையே விடவில்லையே! அந்த டைரக்டர் படுபாவி புத்தகத்தின் முடிவைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்திருக்கிறான். எழுதினவளைக் கேட்டிருப்பானா? அவளும் செத்து எத்தனையோ காலம். டொம் கயிற்றை எடுத்தான்.

"எழும்புங்கோ, வெளியிலை போவம். எனக்கு வயித்துக்குள்ளை என்னவோ செய்யுது."

"ஒண்டும் செய்யாது. இருங்கோ" என்றாள் ஜெயகௌரி. சொல்லிக்கொண்டே என் இடக்கையைப் பிடித்தாள்.

"சாருஜா, வாம்மா, நீயாவது வா."

சாருஜா என் வலக்கையைப் பிடித்தாள். பயந்துபோய் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொம் தங்கையின் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். முடிச்சை இழுத்துப் பார்த்தான். அவனுக்குத் தமிழில் குரல் கொடுத்த பிள்ளைக்குக் குரல் உடைகிற வயது போலிருக்கிறது. ஒரு சொல் பெரிய மனிதன் மாதிரியும் அடுத்த சொல் குழந்தை மாதிரியும் வந்தது. நிருஷனும் கடைசியில் அப்படித்தான் கதைத்தான். "நான் இங்கே சுகமாக இருப்பேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றான்.

எனக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் இல்லாத கிணற்றில் மோட்டரைப் போட்டுவிட்டால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. இரண்டு கையையும் இரண்டு பேர் பிடித்திருந்தபடியால் வாயைப் பொத்தவும் முடியவில்லை. என் பிள்ளை போய்விட்டான், இனி வரமாட்டான் என்பது அந்தக் கதிரையில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்தது.

டப்பென்று லைற்றைப் போட்டார்கள்.

இடைவேளை. முழுத் தியேட்டரும் திரும்பிப் பார்த்தது. முன் கதிரையில் நின்ற குஞ்சுப் பிள்ளை ஒன்று, "அம்மா, அந்த மாமாவுக்கு ஆர் அடிச்சது?" என்று கேட்டது. றோல்ஸ் தட்டோடு வந்தவன் என் முன்னால் நின்று, விற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தவித்தான்.

ஜெயகௌரி தன் கைப்பையைத் திறந்து ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். கண் துடைக்கிற லேஞ்சி இல்லை. குளிக்கிற துவாய். பெரியது. அழுகிறவனுக்கு ஒருத்தி தற்செயலாக லேஞ்சி கொடுக்கலாம். தற்செயலாகத் துவாய் கொடுக்க முடியாது.

"உமக்கு... உமக்கு இந்த இடம் வருமெண்டு தெரியுமோ?"

"பக்கத்து வீட்டு மேர்சி அக்கா நேற்றுப் பேரப்பிள்ளையளோடை வந்து பாத்தவா. தமையன் நிக்கிற கட்டம் எப்ப வருமெண்டு கேட்டனான். அது முடிய லைற் போடுவினம் எண்டவா. அதுக்குப் பிறகுதான் துவாயை மடிச்சு வைச்சனான்."

"தமையன் நிக்கிறான் எண்டதே ஆர் உமக்குச் சொன்னது?"

"அந்தப் புத்தகத்தை நானும் இவளும் எப்பவோ வாசிச்சு முடிச்சிட்டம். நீங்கள் கடைக்குப் போன பிறகு வாசிப்பம். வாசிச்சு நல்லா அழுவம். பிறகு முகத்தைக் கழுவிப்போட்டு இருந்து சாப்பிடுவம். அழுத பிறகுதான் இவளுக்குச் சோறு இறங்கினது."

நான் சாருஜாவைப் பார்த்தேன். ஓம் என்று தலையாட்டினாள். என் ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்த வீட்டில் தினமும் கூட்டம் போட்டு அழுதிருக்கிறார்கள்.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் மோட்டரைப் பற்றிக் கதைப்பியள்." அவள் குரல் இறங்கியது. "வீட்டிலை அழாத ஆள் நீங்கள் ஒராள்தான். செத்தவீட்டிலை அழேல்லை. எட்டுச் செலவிலை அழேல்லை. அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடலுக்கை சாம்பலோடை நிண்டு ஐயரோடை பகிடி விட்டனீங்கள். நித்திரையிலை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு புரளுறியள். பிறசர் ஏறி நிக்குது. டொக்டர் கேட்டால் அவரோடையும் பகிடி. நான் ஒராளைக் குடுத்திட்டன். இன்னொராளைக் குடுக்க என்னாலை ஏலாது."

இதற்கு ஒரு பகிடி விட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. துவாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து வேறு வழியில்லாமல் மகள் பக்கம் திரும்பினேன்.

"நீ அம்மாட்டைச் சொன்னனியோ?"

"ஓம்."

"ஐஸ்கிறீம் வாங்கித் தாறன் எண்டனான் எல்லோ?"

"அம்மா ரெண்டு எண்டவா." பிறகு என் முழங்கையைத் தடவிக்கொண்டு சொன்னாள். "அண்ணை எண்டால் அந்த முடிச்சு சரியில்லை எண்டு சொல்லியிருப்பான் என்னப்பா? அவனுக்கு உங்களை மாதிரி எல்லாத்திலையும் பிழை பிடிக்க வேணும்."

ஒரு வருஷமாக என் காதில் விழாத சொல் அது. அண்ணை. மோட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"ஓம்" என்றேன். "அது தளர் முடிச்சு. நிருஷன் எண்டால் கழட்டித் திருப்பிக் கட்டியிருப்பான்."

மூன்று பேரும் சிரித்தோம். றோல்ஸ்காரன் அடுத்த வரிசைக்கு ஓடினான். மானம் போனது போனதுதான், மிச்சத்தையாவது கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று எழும்பினேன்.

"முடிஞ்சுது தானே? வாங்கோ போவம்."

"எங்கை போறியள்? இருங்கோ" என்று சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள் ஜெயகௌரி. "அந்தத் தங்கச்சி மேலை வந்து தாயிட்டைச் சொல்லுற கட்டம் இனித்தான் வருது. நானும் இவளும் அழ வேண்டாமோ? துவாயை இஞ்சாலை தாங்கோ."

லைற் அணைந்தது. கொடுத்தேன். பிழிந்துதான் கொடுக்க வேண்டியிருந்தது.