அரை அட்டை அக்காவும் அடங்காத கிருமியும்

ஓசூரில் எத்தனையோ டாக்டர்கள் உண்டு. எங்கள் விடுதிப் பெண்கள் அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் காலம் தள்ளியதற்குக் காரணம் அரை அட்டை அக்கா.

சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் நாங்கள் தங்கியிருந்த விடுதியில் அவர் சமையல்காரி. சொந்த ஊர் பர்கூர். சமையல் உபதொழில்தான், வைத்தியமே பிரதானம். யாருக்குக் காய்ச்சல் குணமாகி மாத்திரை மீந்தாலும், அந்த மிச்ச அட்டையை வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வார். மருந்தின் பெயரெல்லாம் அவருக்குத் தேவையில்லை. மஞ்சள் மாத்திரை சின்ன வியாதிக்கு, சிவப்பும் கறுப்புமாக இருந்தால் பெரிய வியாதிக்கு. ஒருமுறை காவலாளியின் பல்வலிக்கு, விடுதி உரிமையாளர் தன் நாய்க்கு வாங்கிய மாத்திரையைக் கொடுத்துவிட்டார். வலி போய்விட்டது. முன்னைவிட அவர் நன்றாகவே காவல் காப்பதாக அக்கா சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் பெரிய வியாதி நீர்க்கடுப்பு. கம்பெனியில் பாத்ரூம் போக லைனை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிக்க மாட்டோம். எரிகிறது என்றால் அக்கா அரை அட்டை மாத்திரை தருவார். மறுநாள் வந்து நிற்பார்.

“எரிச்சல் நின்னுச்சா? அப்ப மீதியக் கொண்டா. முழுசா முழுங்கறதுக்கு அது என்னா சோறாடி?”

ஒருநாள் அந்த எரிச்சல் அக்காவுக்கே வந்தது. மஞ்சளில் தொடங்கி எல்லா நிறத்தையும் விழுங்கிப் பார்த்தார். அடங்கவில்லை. கடைசியில் குளிர்க்காய்ச்சலில் நடுங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் சாய்ந்துவிட்டார்.

“ஆஸ்பத்திரிக்கா? நானா? அப்புறம் என் பேரு என்னாவறது?”

நானும் என் அறைத்தோழி நூர்ஜஹானும் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். வழியெல்லாம் எங்களைத் தெலுங்கில் திட்டினார். மெதுவாக ஓட்டிய டிரைவரைக் கன்னடத்தில் திட்டினார். பாதி வழியில் இரண்டும் நின்றுபோனது. அப்போதுதான் எங்களுக்குப் பயம் பிடித்தது.

என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டரம்மா கேட்டார். நூர்ஜஹான் கையோடு கொண்டுவந்திருந்த பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா திறந்து பார்த்தார்.

“யாரோட மெடிக்கல் ஷாப்மா இது?”

முதலில் போட்ட ஊசிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சிறுநீர்ப் பரிசோதனை முடிவு வந்தது. மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘ஆர்’ என்று ஆங்கில எழுத்து போட்டிருந்தது.

“ஆர்னா என்ன டாக்டர்?” என்றேன்.

“அந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகாதுன்னு அர்த்தம். பாதியில நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டா, லேசானதெல்லாம் செத்துடும், முரட்டுக் கிருமி மட்டும் தங்கிப் பெருகும். இந்தக் கிருமியோட உடம்பு மேல சின்னச் சின்ன முடி மாதிரி இருக்கு. அதால மூத்திரப் பையோட உள்சுவத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், லேசுல கழுவிட்டுப் போகாது. இப்ப கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு.”

கட்டிலிலிருந்து அக்காவின் குரல் ஈனமாக வந்தது. “டப்பா பூரா தின்னுட்டும் உசுரோட இருக்குதா? என்னா திமிரு அதுக்கு!”

பட்டியலின் அடியில் ஒரே ஒரு மருந்துக்குப் பக்கத்தில் மட்டும் ‘எஸ்’ இருந்தது. இது கேட்கும் என்றார் டாக்டரம்மா. அந்த ஊசி உள்ளே போகப் போக, நாங்கள் மாறி மாறி அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் காலையில் அக்கா கேன்டீன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இதுக்குப் பேரு காபியா? பாத்திரம் கழுவுன தண்ணிய எவடி வாங்கியாந்தது?”

நூர்ஜஹான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அன்று சாயங்காலம் காய்ச்சல் முழுதாக விட்டது.

ஊசிகளை ஒன்று விடாமல் போட்டு முடித்த பிறகுதான் அக்காவை விடுதிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்பாரா? வந்த மறுநாளே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அன்றைய சாம்பாரில் துளி உப்பில்லை. எல்லோரும் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.