வாத்தியார் பொருத்திய கிராபிக்ஸ் கார்டு

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருந்த இடத்தைவிட கிராபிக்ஸ் கார்டு இரண்டு விரற்கடை நீளமாக இருந்தது. கணக்கு வாத்தியார் அதை நேராக வைத்துப் பார்த்தார், சாய்த்து வைத்துப் பார்த்தார்.

"நுழையலையா?" என்றாள் மனைவி.

"நுழையும். இடம்தான் இன்னும் அதுக்குத் தோதா அமையலை."

பதினோரு வருஷத்துக் கம்ப்யூட்டர் அது. வீடுகளுக்குச் சமையலறை வரைபடம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். புதிதாக வாங்கிய வரைபட மென்பொருளோ, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வாய் திறக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது. நாலு மணிக்கு ஒரு தம்பதி வரைபடம் பார்க்க வருகிறார்கள்.

"ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுடலாமே" என்று காலையிலேயே சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவருக்கு ஊருக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை. தானே கடைக்குப் போய்க் கார்டை வாங்கி வந்துவிட்டார்.

இப்போது பில்லைத் திருப்பினார். பின்பக்கம் பேனாவால் ஒரு போன் நம்பர் எழுதியிருந்தது.

"பாத்தியா, கடையிலேயே மெக்கானிக் நம்பர் எழுதிக் குடுத்திருக்காங்க. சும்மா பேச்சுத் துணைக்கு வெச்சுக்கறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம். கிராபிக்ஸ் கார்டு விஷயமா பேசறேன்."

"வணக்கம் சார். உங்க போனுக்காகத்தான் காத்திருந்தேன்" என்றது பணிவான ஓர் ஆண் குரல்.

வாத்தியாருக்கு மனசு குளிர்ந்தது. "மரியாதையைப் பாரு" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

கணக்குப் போடும்போது ஒவ்வொரு வரியையும் உரக்கச் சொல்லிக்கொண்டே போடுவது அவர் வகுப்பறை வழக்கம். அது வீட்டுக்கும் கூடவே வந்திருந்தது.

"இப்போ என்ன பண்றோம்? இடத்தை அடைக்கிற ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழட்டறோம். நாலு ஸ்க்ரூ."

"ஆமா சார், நாலு."

கூண்டு வெளியே வந்தது. கார்டு சம்பந்தி மாதிரி ஜம்மென்று உள்ளே உட்கார்ந்தது. ஹார்ட் டிஸ்க் வயரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. ஸ்விட்சைப் போட்டால் கார்டின் விசிறி சுற்றவில்லை.

"கரண்ட் பத்தலை. சிடி டிரைவுக்குப் போற வயரைப் பிடுங்கி இதுக்குக் குடுக்கறோம்."

"மஞ்சளும் சிவப்புமா வருதே, அதுவா சார்?"

வாத்தியார் புன்னகைத்தார். விடையைத் தானே சொல்லிவிடாமல் கேள்வியாகப் போட்டு வழிநடத்தத் தெரிந்த மெக்கானிக். "அதேதான்" என்றார்.

விசிறி சுற்றியது. திரையில் மட்டும் அதே பழைய ஆமை வேகம்.

"உள்ளேயே ஒரு பழைய கிராபிக்ஸ் இருக்கு. ஒரே உறையில ரெண்டு கத்தி எப்படி இருக்கும்? செட்டிங்ஸ்ல போய்ப் பழசை அணைச்சுடறோம்."

"அணைச்சுடலாமா சார்?"

"தாராளமா."

அணைத்தார். திரை கறுத்தது. திரையின் வயரைப் புதுக் கார்டில் மாற்றிச் செருகினார். அங்கேயும் கும்மிருட்டு.

"அப்ப பழசும் இல்ல, புதுசும் இல்லையா?" என்றாள் மனைவி.

பழசை எழுப்ப செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்; செட்டிங்ஸைப் பார்க்கத் திரை வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை.

"யாரும் பதற வேண்டாம்" என்றார், தனியாகப் பதறிக்கொண்டு. "காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அதை எடுத்துப் போட்டா எல்லா செட்டிங்ஸும் பழையபடி ஆயிடும்."

"நெம்பணுமா சார்?"

"மெதுவா, நகத்தால."

பேட்டரி துள்ளிப் பீரோவுக்கு அடியில் ஓடியது. குப்புறப் படுத்து, ஸ்கேலால் துழாவி எடுத்து, சட்டையில் துடைத்துப் பொருத்தினார். ஸ்விட்சைப் போட்டார். கம்ப்யூட்டர் மூன்று முறை 'பீப்' என்றது. சற்றுப் பொறுத்து போனிலும் மூன்று முறை கேட்டது.

"எதிரொலி அடிக்குது" என்றார்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டரிடமிருந்து பேச்சு மூச்சில்லை. மணி மூன்று. மனைவி அவர் கையிலிருந்த ஸ்கேலை வாங்கிக்கொண்டு போய், சாப்பாட்டு மேஜையில் ஒரு பெரிய காகிதத்தை விரித்து, பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவரை என்னவோ செய்தது.

போன் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் செஞ்சாச்சு. இனிமே நீங்கதான் சொல்லணும்."

மறுமுனையில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நானா சார்? நான் காலையில கடையில இதே கார்டை வாங்கினவன். கடைக்காரங்க கைக்குக் கிடைச்ச யாரோட பில்லுலயோ என் நம்பரை எழுதி வெச்சுக்கிட்டு, மெக்கானிக் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுப்பாருன்னாங்க. நீங்களும் பொறுமையா சொல்லச் சொல்ல ஒண்ணு விடாம கழட்டிட்டேன், இப்ப என்னோடதும் மூணு தடவை கத்திட்டு அடங்கிடுச்சு. அடுத்தது எதைக் கழட்டணும் சார்?"