பத்தாயிரத்து ஏழு டைல்ஸ்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. ஹால் தரையைத் தவிர இங்கே அனைவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் சூளையும் நலம்தானே?

ஓய்வு பெற்றபின் உங்கள் கையாலேயே மண் பிசைந்து, சுட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் வரிசை எண் எழுதி, எங்கள் புது வீட்டுக்கு அன்பளிப்பாக அனுப்பிய ஓர் அங்குலச் சதுர டைல்ஸ் பத்தாயிரத்து ஏழும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஹால் நடுவில் கம்பளம் விரித்த மாதிரி நீள்சதுரமாகப் பதிக்க வேண்டும், ஒன்றைக்கூட வெட்டக் கூடாது, ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று உங்கள் தங்கையின் உத்தரவு. முன்பு நீங்கள் கொடுத்த கோப்பைகளை எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறதென்று சாப்பிடாமலே கிளம்பிப் போனீர்களே, அது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த வாரம் நீங்கள் வேறு வருகிறீர்கள்.

டைல்ஸ்காரர் வரிசைக்கு நூறு அடுக்கினார், ஏழு மிச்சம். ஏழு ஏழாக அடுக்கினார், நாலு மிச்சம். மூன்று வைத்தால் ரெண்டு மிச்சம், ஐந்து வைத்தாலும் ரெண்டு, இருபத்து மூன்று வைத்தாலும் ரெண்டு, இருபத்தொன்பது வைத்தாலும் அதே பாழாய்ப்போன ரெண்டு. "சார், இது என் கைக்கு அடங்குற நம்பர் இல்ல" என்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சரைக் கூப்பிட்டேன். அந்தம்மா ஒரு நோட்டு முழுக்க வகுத்துப் பார்த்துவிட்டு, "இது பகா எண் சார். ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. மிச்சமே வேண்டாம்னா ஒரே வரிசைதான். வாசல்ல ஆரம்பிச்சா பஸ் ஸ்டாப் வரைக்கும் போகும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கணக்கு மேல பழி போடாதீங்க. எங்க அண்ணன் எதைக் கொடுத்தாலும் உங்களுக்கு ஆகாது" என்றாள் உங்கள் தங்கை. அதுதான் கடைசியாகப் பேசியது. மூன்று வாரமாச்சு. ஹால் முழுக்க டைல்ஸ், பின்வாசல் வழியாகத்தான் போக்குவரத்து, தட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை. முப்பது வருஷத்தில் இவ்வளவு நாள் அவள் வாய் மூடியதில்லை மச்சான், என்னால் தாங்க முடியவில்லை.

ரெண்டே ரெண்டை மட்டும் எடுத்து வைத்தால் வரிசைக்கு நூற்றுப் பதினைந்தாக எண்பத்தேழு வரிசை கச்சிதமாக உட்காரும். அந்த ரெண்டு வேண்டாம் என்று உங்கள் கைப்பட ஒரு வரி எழுதிப் போடுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் ஆரோக்கியமும் சூளையின் சூடும் குறையாதிருக்க வேண்டும்,
அன்பு மைத்துனன்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் பார்சல் வந்தது. "ரெண்டு டைல்ஸாலதான் வீட்ல சண்டை" என்று உங்கள் தங்கை உங்களிடம் போனில் அழுதாளாம். நீங்கள் ரெண்டு குறைகிறது என்று நினைத்து, புதிதாகச் சுட்டு அனுப்பியிருக்கிறீர்கள். ஆக பத்தாயிரத்து ஒன்பது. டீச்சர் மறுபடி நோட்டை எடுத்தார். அதுவும் பகா எண்ணாம். இப்படி ரெண்டு தள்ளி ஜோடியாக வருவதை இரட்டைப் பகா எண்கள் என்பார்களாம், அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு மிச்சம் இப்போது நாலு. ஆனால் உங்கள் தங்கை வாய் திறந்துவிட்டாள். "வாசல்ல இருந்து ஒரே வரிசையா ஆரம்பிக்கச் சொல்லுங்க. அண்ணன் வழி தெரியாம தவிக்க வேண்டாம்." ஆகவே மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் குனிந்து பார்த்துக்கொண்டே நடங்கள், வீடு வந்துவிடும். எண்ணிக்கொண்டே வரலாம்.